விரல் வைத்த இடம்

தெலியோ காந்தியாவுக்கு இறைச்சி சுடத் தெரியாது. அவன் வீட்டில் சாப்பிட்ட எல்லோருமே இதைச் சொல்வார்கள். மாட்டு விலாவைத் தணலுக்கு ரொம்பப் பக்கத்தில் போட்டுவிட்டுப் பேச ஆரம்பித்துவிடுவான். பேச்சு முடிகிறபோது மேலே கரி, உள்ளே பச்சை. ஒரு வருஷத்துக்கும் மேலாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதைத்தான் சாப்பிட்டேன். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னேன். ஒருவர் வீட்டில் கை நனைத்துவிட்டுக் குறை சொல்வது முறையில்லை, மேடம்.

உங்கள் எழுத்தர் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்ய வேண்டும் என்பதால் மெதுவாகவே சொல்கிறேன். என் பெயர் எர்மெஸ் ஒவேலார். வயது ஐம்பத்தெட்டு. புவேர்த்தோ ஆல்வா மருத்துவமனையில் இருபத்திரண்டு வருஷம் அறுவைச் சிகிச்சை செய்தேன். அந்த இருபத்திரண்டு வருஷமும் என் நோயாளிகளுக்கு மயக்க மருந்து கொடுத்தவன் தெலியோ. நான் வயிற்றுப் பக்கம் நிற்பேன், அவன் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பான்.

என்னை யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை. இன்றுவரை இந்த ஊரில் ஒருவருக்கும் என் மேல் சந்தேகம் கிடையாது. அடக்கத்தன்று தெலியோவின் மனைவி நிம்ஃபா, கல்லறைத் தோட்டத்தில் எல்லோர் முன்னாலும் என் கையை எடுத்து முத்தமிட்டாள். அப்படியிருக்க நானாக ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

சுனில்தா எஸ்கோபாரைப் பற்றி உங்கள் கோப்பில் இருக்கும். பேருந்து நிலையத்தில் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு சிப்பா ரொட்டி விற்றவள். முப்பத்தொரு வயது, இரண்டு பிள்ளைகள், பித்தப்பையில் கல். ஒரு மணி நேர வேலை. கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வேன். அன்று மதியச் சாப்பாட்டோடு இரண்டு சிறு குவளை கரும்புச் சாராயம் குடித்திருந்தேன். வழக்கமாக மூன்று. அந்த வகையில் அன்று நான் எச்சரிக்கையாகவே இருந்தேன். கல்லீரலுக்குப் போகிற ரத்தக்குழாய் அவளுக்கு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. சிலருக்கு அப்படி அமைவதுண்டு. அங்கே கத்தரி போய்விட்டது.

வயிறு ஊற்றுத் தோண்டிய குழி மாதிரி நிறைந்தது. தெலியோ தலைமாட்டிலிருந்து, "எர்மெஸ், ரத்த அழுத்தம் விழுது. எர்மெஸ், எங்கேனு பாத்துப் புடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். என் விரல்கள் தேடின. அவ்வளவு ரத்தத்துக்குள் யார் விரலுக்கும் கண் கிடையாது. என் கை நடுங்கியது என்று செவிலி பிற்பாடு சொன்னாள். குளிர்சாதனத்தை அந்த அறையில் எப்போதுமே அதிகமாக வைப்பார்கள். நாற்பது நிமிடத்தில் சுனில்தாவின் உயிர் போய்விட்டது. என் காலுறை ரத்தத்தில் நனைந்து, வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் காலணியில் சளக் சளக் என்று சத்தம் கேட்டது.

தலைநகரிலிருந்து மூன்று பேர் விசாரிக்க வந்தார்கள். செவிலி உளறினாள், நிர்வாகி மழுப்பினார். தெலியோவைக் கூப்பிட்டார்கள். அவன் என்னைப் பார்க்காமல் மூன்று வாக்கியம் சொன்னான். "அவர் குடித்திருந்தார். எனக்குத் தெரியும். நான் தடுத்திருக்க வேண்டும்." அவ்வளவுதான். அந்த மூன்று வாக்கியத்தில் என் உரிமம் போனது. என் மனைவி ஆற்றைக் கடந்து அர்ஜென்டினாவில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போனாள், திரும்பவில்லை. தெலியோவுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அதை அவன் சட்டம் போட்டு மாட்டாததுதான் குறை.

இதில் ஒரு நியாயம் இருக்கிறது. நீங்கள் சட்டம் படித்தவர், உங்களுக்குப் புரியும். நான் குடிப்பது தெலியோவுக்கு ஆறு வருஷமாகத் தெரியும். இரண்டு முறை என்னைக் குளியலறைக்கு இழுத்துப்போய்க் குழாயைத் திறந்து தலையைப் பிடித்திருக்கிறான். ஆக்சிஜன் உருளை கசிகிறது என்று பொய் சொல்லி அன்றைய அறுவையைத் தள்ளிப்போட்டிருக்கிறான். "டேய், செத்துப்போயிடுவேடா. நீ செத்தாப் பரவால்ல, எவனாவது ஏழையக் கொன்னுட்டு நிப்பே" என்பான். ஆறு வருஷம் ஒன்றை மறைத்தவன் ஏழாவது வருஷம் அதைச் சபையில் சொல்கிறான் என்றால் அதற்கு உண்மை என்று பெயரா? முதல் நாளே சொல்லியிருந்தால் சுனில்தா உயிரோடு இருப்பாள். அவளைக் கொன்றது யார் என்று நிதானமாக யோசித்துப் பாருங்கள். நான் நாலு வருஷம் யோசித்தேன்.

அந்த நாலு வருஷமும் தோன் பசிலியோவின் மாட்டு மருந்துக் கடையில் வேலை செய்தேன். தடுப்பூசிக் குப்பி, உண்ணி மருந்து, லாடம். வருகிறவர்கள் விளையாட்டாகப் பேசுவார்கள். "டாக்டரே, எம் பசுவுக்கு வயித்த வலி. நீங்க மட்டும் பாத்துராதீங்க, அது இன்னும் கன்னு போடணும்." நான் சிரிப்பேன். கடை வாசலில் பத்து மணிக்கு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, ஒரே குழலில் மாற்றி மாற்றி தெரெரே என்கிற குளிர்ந்த இலைத்தேநீரை உறிஞ்சுவார்கள். கிண்ணம் என் முறைக்கு வரும்போது என்னைத் தாண்டி அடுத்தவர் கைக்குப் போகும்.  கொடுக்கிற கை கொஞ்சம் நீளும்.

ஒருநாள் படகுக்காரன் சிஸ்தோ சொல்லிவிட்டான். "அவரு கையில குடுத்துராதீங்கப்பா. குழாய்னு கண்டா அறுத்துப்புடுவாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு எழுந்து உள்ளே போய், மாட்டுக் கொட்டடிக் கதவுக்குப் போடுகிற இரும்புத் தடியை எடுத்து வந்து அவன் காறை எலும்பில் அடித்தேன். காய்ந்த சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம். கையை உயர்த்தினான். முன்கையில் இரண்டாவது அடி. அது வேறு மாதிரிச் சத்தம், ஈரமான சத்தம். மூன்றாவதை வாயில் அடித்தேன், பல் மண்ணில் விழுந்தது. யாரும் நகரவில்லை. தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு மண்டியிட்டு, அவன் சட்டையைக் கிழித்து, கையை மடக்கித் தூளிக்கட்டுப் போட்டேன். மூன்று வாரம் அசைக்காதே என்றேன். கட்டு அவ்வளவு நேர்த்தியாக இருந்ததாம், மருத்துவமனையில் அதை அவிழ்க்காமலே எக்ஸ்ரே எடுத்தார்களாம். பிற்பாடு கேள்விப்பட்டேன்.

தெலியோதான் போய் சிஸ்தோவின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, வழக்கு இல்லாமல் செய்தான். அன்று சாயங்காலமே என் அறைக்கு வந்தான். விசாரணைக்குப் பிறகு முதல்முறை.

"இப்பிடித் தனியாக் கெடந்தேனா அடுத்தது எவன் மண்டையவாவது பொளந்துடுவேடா. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. நிம்ஃபா மரவள்ளிக்கிழங்கு அவிப்பா, நான் கறி சுடறேன்."

"நீ சுட்ட கறியா?"

"பழி வாங்க எனக்கு வேற வழி தெரியல" என்று சிரித்தான். தெலியோ அப்படித்தான். எதையும் சிரிப்பில் முடித்துவிடுவான்.

போனேன். ஒவ்வொரு ஞாயிறும் போனேன். அங்கே என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியிலிருந்து பார்த்தால் அது அன்பு மாதிரித் தெரியும். அவர்கள் வீட்டு மேசையில் பீர் இருக்காது. நான் வருகிறேன் என்பதற்காக. அவன் மைத்துனர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று பன்னிரண்டு பேர், உச்சக் கோடை ஜனவரி வெயிலில், என் பொருட்டுக் கொய்யாச் சாறு குடித்தார்கள். ஒவ்வொருவரும் குவளையைத் தூக்கும்போது என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். நிம்ஃபா என்னைப் பெயர் சொல்லியும் கூப்பிட மாட்டாள், டாக்டர் என்றும் சொல்ல மாட்டாள். "இன்னும் ஒரு துண்டு வைக்கட்டுமா?" என்று தட்டைப் பார்த்துக் கேட்பாள். தெலியோவை வெறுத்தேனா என்று கேட்டீர்கள். இல்லை. வெறுப்பு இருந்தால் அங்கே போயிருக்க மாட்டேன் அல்லவா.

கத்தி என்னுடையது. இந்தப் பக்கத்தில் கறிச் சாப்பாட்டுக்குப் போகிறவன் தன் கத்தியை இடுப்பில் கொண்டுபோவான், அதில் ஒன்றுமில்லை. மூன்று வாரம் கடைச் சாணைக்கல்லில் அதைத் தீட்டினேன். எதற்காக என்றால், கத்தி கூராக இருக்க வேண்டும், அதற்காகத்தான். முன்கை முடியை மழித்துப் பார்த்தேன். பிறகு ஒரு மாட்டுத் தொடையைக் கசாப்புக் கடையில் வாங்கிவந்து எத்தனை ஆழம் போகிறது என்று பார்த்தேன். பழைய பழக்கம். கருவியைச் சோதிக்காமல் எடுத்துக்கொண்டு போனதில்லை.

போன ஞாயிறு வேறு யாரும் வரவில்லை. மூன்றே பேர். சாப்பிட்டு முடித்ததும் நிம்ஃபா மதியத் தூக்கத்துக்கு உள்ளே போனாள். ஊரே கதவடைத்துக் கிடந்தது. மாமரத்தடியில் நானும் தெலியோவும். அடுப்பில் இன்னொரு துண்டு கிடந்தது. "உன் கத்தியக் குடுடா, என்னோடது வெண்ணெயக்கூட வெட்டாது" என்று வாங்கி, முன்பே வெந்ததைப் பலகையில் வைத்து நறுக்கிக்கொண்டிருந்தான். பலகையில் கத்தியை வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதங்களை எடுத்தான்.

"அவசரப்படாமப் படி. தலைநகர்ல, அசுன்சியோன்ல, மருத்துவச் சபை கூடுது. மார்ச் பதினாலு. உன் கேசத் திரும்ப எடுக்கறாங்க. நான்தான் எழுதிப் போட்டேன்."

படித்தேன். நல்ல கையெழுத்து அவனுக்கு. *என் நண்பர் ஒரு நோயாளி. அவருடைய நோய்க்குச் சிகிச்சை உண்டு. தெரிந்தும் அவரை அறுவை அறைக்குள் விட்டதால் பாதிக் குற்றம் என்னுடையது.* நோயாளி என்ற சொல் ஐந்து இடத்தில் இருந்தது. எண்ணினேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் என் ரத்தத்தை அவனே எடுத்துச் சோதித்து, ஒரு வருஷத்துக்கு எனக்குப் பொறுப்பேற்பானாம்.

"கீழ கையெழுத்துப் போட்டுடு" என்றான். "பழையபடி நான் தலைமாட்டுல, நீ வயித்துப் பக்கம். என்ன சொல்றே?"

"நான் யாருக்கும் நோயாளி இல்ல."

"நோய்னு ஒத்துக்கறதுல என்னடா அவமானம்? இங்க பாரு, சுனில்தாவோட அம்மாகிட்டயும் பேசிட்டேன். மூணு தடவ வாசல்லயே நிக்க வெச்சு வெரட்டுச்சு, நாலாவது தடவ உள்ள கூப்ட்டுச்சு. நீ ஒரே ஒரு தடவ நேர்ல போய் மன்னிப்புக் கேட்டாப் போதுமாம். சபைக்கு எதிர்த்து எழுத மாட்டேன்னு சொல்லிருச்சு. நானும் கூட வர்றேன். நீ ஒண்ணும் பேச வேணாம், கையப் புடிச்சுக்கோ, போதும்."

சொல்லிவிட்டுக் கறியைத் திருப்பிப் போடக் குனிந்தான். நான் பலகையிலிருந்த கத்தியை எடுத்தேன். அவன் நிமிர்ந்து திரும்பியபோது, தொடையும் இடுப்பும் சேர்கிற மடிப்பில் பிடிவரை இறக்கி, ஒரு திருப்புத் திருப்பி உருவினேன்.

கொல்ல நினைத்தவன் விலாவுக்குக் கீழே அல்லவா குத்துவான் என்று நீங்கள் நினைக்கலாம். அப்படி நினைப்பது எனக்குச் சாதகம், ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன். விலாவுக்குக் கீழே குத்தினால் உடனே முடிந்துவிடும். எனக்கு அவனோடு பேச வேண்டியிருந்தது.

செங்கல் தரையில் மல்லாந்து விழுந்தான். ரத்தம் என் மார்பு உயரம் எழும்பியது. அடுப்பில் தெறித்த துளிகள் சுர்ரென்று கருகின. அவன் மார்பில் ஏறி உட்கார்ந்து வாயைப் பொத்தினேன். கடித்தான். இதோ, இந்த உள்ளங்கைக் காயங்கள் அவன் பல்தான், மேல்வரிசை நாலு, கீழே மூன்று; கேட்டவர்களிடம் வலியில் கடித்தான் என்றேன். கையை எடுக்கவில்லை. அவன் காலால் பெஞ்சை உதைத்தான், நகத்தால் என் காதைப் பிய்த்தான். நான் அவன் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்து அந்த மூன்று வாக்கியத்தையும் அவனுக்குத் திருப்பிச் சொன்னேன். *அவர் குடித்திருந்தார். எனக்குத் தெரியும். நான் தடுத்திருக்க வேண்டும்.* ஒவ்வொன்றுக்கும் நடுவில் நிறுத்தி, அவன் கேட்டுக்கொள்கிறானா என்று கண்ணைப் பார்த்தேன். கேட்டுக்கொண்டுதான் இருந்தான். மூன்றாவது வாக்கியத்துக்கு வந்தபோது உதைப்பது தளர்ந்தது.

அப்போது கொசுவலைக் கதவு அடித்த சத்தம். நிம்ஃபா வெறுங்காலோடு வாசலில் நின்றாள். நான் அவன் மேலிருந்து இறங்கியிருந்தேன். வாய் தானாகச் சொன்னது: "கத்தியோட வழுக்கி விழுந்துட்டான்."

அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "டாக்டர், காப்பாத்துங்க. டாக்டர், உங்களுக்குக் கோடிப் புண்ணியம், எப்பிடியாவது காப்பாத்துங்க டாக்டர்."

மேடம், அந்தச் சொல்லை ஒருவர் மனதாரச் சொல்லிக் கேட்டு நாலு வருஷம். நான் யோசிக்கவே இல்லை. அவன் கால்சட்டையைக் கிழித்தேன். சுனில்தாவின் வயிற்றில் கிடைக்காதது இங்கே முதல் தொடுதலிலேயே கிடைத்தது. எலும்போடு சேர்த்து இரண்டு விரலால் அழுத்தினேன். ரத்தம் நின்றது. குழாயை மூடினது போல நின்றது. "ஆம்புலன்ஸக் கூப்பிடு. கால மேல தூக்கிப் பிடி. துணி கொண்டா" என்றேன். நான் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. பாலம் பழுது, வண்டி சுற்றிக்கொண்டு வரவேண்டும், பத்துப் பன்னிரண்டு நிமிடமாகும் என்றார்கள். நான் பொறுமையாகப் பிடித்திருந்தேன். அவன் நாடி திரும்பியது. உதட்டில் கொஞ்சம் நிறம் வந்தது. நான் செய்த அறுவைகளிலெல்லாம் சுத்தமான வேலை இதுதான் என்று சொல்வேன், கருவி எதுவும் இல்லாமல், வெறும் தரையில்.

தெலியோ கண்ணைத் திறந்தான். என்னைப் பார்த்தான், நிம்ஃபாவைப் பார்த்தான். நான் குத்தினேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மெல்லிய குரலில், "எர்மெஸ், உன் கை நடுங்கவே இல்ல பாரு" என்றான். "நல்லாப் புடிச்சிருக்கே. அப்பிடியே இரு. ஒண்ணும் ஆகாது. நானே சபையில சொல்றேன்."

அந்தக் குரலை எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷம் மேசையில் படுத்தவர்களிடம் அவன் பேசின குரல் அது. பத்திலிருந்து பின்னால் எண்ணுங்க, ஒன்றும் ஆகாது என்று, பயந்தவர்களிடம் பேசுகிற குரல். அன்பால் சொன்னானா, உயிர்ப் பயத்தால் சொன்னானா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் என் கையின் கீழே படுத்திருப்பவன் அவன். அப்போதும் நோயாளி நான்தான். என் கை நடுங்கவில்லை என்பதற்கும் அவன்தான் சாட்சி சொல்ல வேண்டும்.

வண்டியின் சங்கு தெருமுனையில் திரும்புவது கேட்டது. விரலை எடுத்தேன். எடுத்து, நிம்ஃபாவுக்குத் தெரியாமல் இரண்டு விரற்கடை வெளியே தள்ளி வைத்து, முன்னைவிடப் பலமாக அழுத்தினேன். துணிக்கு அடியில் சூடாகப் பெருகியது. அவன் உணர்ந்தான், என் மணிக்கட்டைப் பிடித்தான். பிடித்த கையில் வலு இருக்கவில்லை. ஆட்கள் தூக்குப்படுக்கையோடு உள்ளே வந்தபோது அவன் கண் என் மேல்தான் இருந்தது, ஆனால் பார்க்கவில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். என் இடத்துக்கு வந்திருக்கிற டாக்டர் பருவா, முப்பத்திரண்டு வயசுப் பெண், அறிக்கை எழுதியிருக்கிறாள். நேற்று நிம்ஃபா அதை எடுத்துக்கொண்டு கடைக்கே வந்தாள். தோன் பசிலியோ முன்னால் எனக்குப் படித்துக் காட்டினாள். *அனுபவமற்ற ஒருவர் தவறான இடத்தில் அழுத்தியதால் ரத்தப்போக்கு நிற்கவில்லை.* படித்துவிட்டு என் தோளைத் தட்டினாள். "மனசுல வெச்சுக்காதீங்க. உங்களால முடிஞ்சதச் செஞ்சீங்க. தொட்டு எத்தன வருஷமாச்சு, கை மறந்துதானே போகும்" என்றாள். தோன் பசிலியோ மேசையைத் துடைப்பது போலக் குனிந்துகொண்டார். ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்லை.

ஆகவே இதைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். நான் அன்று ஒரு சொட்டும் குடித்திருக்கவில்லை. முதல் பதினோரு நிமிடம் என் விரல் சரியான இடத்தில் இருந்தது, ரத்தம் முழுவதும் நின்றிருந்தது. நிம்ஃபா பார்த்தாள், கேட்டுப் பாருங்கள். பிறகு இடத்தை மாற்றினேன், தெரிந்தே மாற்றினேன், எங்கே வைத்தால் அவன் சாவான் என்று தெரிந்துதான் அங்கே வைத்தேன். அந்த அறிக்கையைத் திருத்தச் சொல்லுங்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும், இங்கேயா? முத்திரை வைத்த பிரதி ஒன்று எனக்குக் கொடுத்துவிடுங்கள், மேடம். மார்ச் பதினாலாம் தேதி சபையில் காட்ட வேண்டும்.